அம்புக்குறிக்குள் 37 நாட்கள்

கோயம்புத்தூரை ஒட்டிய ஒரு சிற்றூரில், மோட்டார் பம்புகள் செய்யும் நடுத்தரமான ஒரு தொழிற்சாலையில், ஸ்டோர்ஸ் அறைக்கு வெளியே சுவரில் வரிசையாக ஒட்டிய நான்கு சார்ட் பேப்பர்களுக்கு முன்னால் கையில் ஸ்கெட்ச் பேனாவுடன் நான் நின்றுகொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த முதலாளி சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, "பில்லு வேலையைக் கிளவுட்ல ஏத்திக் குடுங்கன்னு உங்களைக் கூப்பிட்டா, நீங்க டிராயிங் மாஸ்டராட்டம் படம் போட்டுட்டு நிக்கறீங்களே!" என்றார். அவர் குரலில் கோபமில்லை, நியாயமான வியப்புத்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்துவிட்டு, இப்போது பிற ஸ்தாபனங்களில் காரியங்கள் எப்படி நடக்கின்றன என்று கேட்டு எழுதி, அவற்றுள் தானாக நடக்கக்கூடியவற்றைத் தானாக நடக்கும்படி அமைத்துக் கொடுப்பதையே ஜீவனோபாயமாகக் கொண்டுவிட்ட என்னிடம், இந்தக் கேள்வியைக் கேட்காத முதலாளி அபூர்வம். பில் எந்த வழியாக நடக்கிறது என்று தெரியாமல் எதை ஏற்றுவது என்று நான் பதில் கேள்வி கேட்டதும், "அது எனக்குத் தெரியாதுங்களா?" என்று பேனாவைக் கையிலிருந்து வாங்கி, ஒரே மூச்சில் ஐந்து கட்டங்களை அவரே வரைந்தார். சரக்கு வருகிறது, சோதிக்கிறார்கள், ஸ்டோர்ஸில் வரவு வைக்கிறார்கள், கணக்குப் பிரிவில் சரி பார்க்கிறார்கள், தாம் கையெழுத்துப் போட, பணம் போகிறது. "இவ்வளவுதானுங்க" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த ஐந்து கட்டங்களை நான் அழிக்கவில்லை. சார்ட்டின் மேல் ஓரத்தில் அப்படியே விட்டுவைத்தேன். வாரக் கடைசியில் அவற்றுக்குக் கீழே நின்ற கட்டங்களின் எண்ணிக்கை 31.

அவருக்கு இந்தக் காரியத்தில் அவசரம் பிறந்ததற்குக் காரணம் வருமான வரி. சிறு தொழில் செய்கிறவர்களிடம் சரக்கு வாங்கியவர், எழுத்து மூலம் ஒப்பந்தமிருந்தால் அதிகம் போனால் 45 நாட்களுக்குள்ளும், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாட்களுக்குள்ளும் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியைக் கூட்டு வட்டியாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் வார்ப்புப் பட்டறைக்காரர் ஒருவர் தமக்கு மாதம் தவறாமல் வேலை கொடுக்கும் கம்பெனியின் மேல் வட்டி கேட்டுப் பிராது கொடுப்பது, வாடிக்கையைத் தம் கையாலேயே வெட்டிக்கொள்வதற்குச் சமானம் என்பதால், அந்த விதி பெரும்பாலும் புத்தகத்திலேயே சுகமாக உறங்கிற்று. 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் எச் என்ற உட்பிரிவைச் சேர்த்து, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தவணைக்குள் கொடுக்காத தொகையை, மெய்யாகவே கொடுத்துத் தீர்க்கும் ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று விதித்த பிறகுதான், உறக்கம் கலைந்தது. தவணை தாண்டிய பில் மார்ச் 31 அன்று கையில் தங்கிவிட்டால், கொடுக்க வேண்டிய பணத்துக்கு வரியும் கட்ட வேண்டிவரும் என்று ஆடிட்டர் சொன்னதும், முதலாளிக்குக் கம்ப்யூட்டரின் மேல் பக்தி உண்டாயிற்று.

ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்பவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். அங்கே சிறுவர் பெரியவர் அனைவருக்கும் அவர் அண்ணன். காதில் பால்பாயிண்ட் பேனாவைச் செருகிக்கொண்டு, பேரிங்குப் பெட்டிகளை எண்ணியபடியே பேசுவார். எண்ணிக்கையும் தவறாது, பேச்சும் தவறாது. பில் வந்ததும் என்ன செய்வீர்கள் என்று என் வழக்கப்படி ஆரம்பித்தேன்.

"பில்லு தனியா எங்கீங்க சார் வருது? வண்டியோட வரும். கேட்ல இன்வார்டு சீல் போட்டு, நோட்டுல ஏத்தி எங்கிட்டக் குடுப்பாங்க. நான் கிளிப்பு மாட்டி இந்த ஆணியில தொங்க உட்ருவேனுங்க."

"எத்தனை நாள் தொங்குமுங்கண்ணா?"

"காஸ்டிங்கு டெஸ்ட் ஆகி வர்ற வரைக்குமுங்க."

காஸ்டிங் என்பது இரும்பு வார்ப்பு, பம்பின் உடல். அதற்குள் நீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத துளை எங்கேனும் இருந்தால் அந்த இடம் மெல்ல வியர்க்கும். வியர்த்ததைத் தனியே தூக்கி வைத்துவிடுவார்கள். ஆகவே 200 உருப்படி வந்த லாட்டில் 9 தேறவில்லையென்றால் ஸ்டோர்ஸ் வரவு 191, பில்லோ 200. அப்படி வித்தியாசம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கம்பெனி விதிப்படி, தேறாதவற்றின் விலையைக் கழித்துக்கொள்ள பர்ச்சேஸ் பிரிவு ஒரு டெபிட் நோட் போட வேண்டும். முதலாளியும் அப்படித்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, எண்ணெய்க் கறை படிந்த நீளமான ஒரு டைரியை எடுத்து என் முன் வைத்தார். "டெபிட் நோட்டுப் போட்டா அவங்க ஜி.எஸ்.டி. கணக்கை மாத்தோணுமுங்க, அவங்க ஆடிட்டரு சண்டைக்கு வருவாரு. நான் பட்டறைக்கு ஒரு போன் போட்டுருவேன். அடுத்த வண்டியில ஒம்பது உருப்படி சேத்தி அனுப்பிருவாங்க. அதுவரைக்கும் பில்லு ஆணியில கிடக்குமுங்க."

டைரியில் ஒவ்வொரு வரியிலும் தேதி, லாட் எண், தள்ளுபடியான எண்ணிக்கை, பட்டறையில் யாரிடம் சொன்னார் என்ற குறிப்பு, மாற்று உருப்படி வந்ததும் ஒரு பென்சில் டிக், எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆரம்பமும் முடிவும் தவணையும் உள்ள பூரணமான ஒரு காரிய முறை ஆறு ஆண்டுகளாக அந்த இழுப்பறைக்குள் நடந்து வந்திருக்கிறது. அது அப்படி நடப்பது பர்ச்சேஸுக்குத் தெரியாது, கணக்குப் பிரிவுக்குத் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. அவர்கள் அறிந்ததெல்லாம் ஸ்டோர்ஸில் பில் தேங்குகிறது என்ற ஒன்றுதான். முதலாளியின் ஐந்து கட்டங்களை அப்படியே நம்பி நான் யந்திரத்தை அமைத்திருந்தால், வரவும் பில்லும் பொருந்தாத ஒவ்வொரு லாட்டையும் அது ஈவிரக்கமின்றித் திருப்பி அனுப்பியிருக்கும். குறையே இல்லாத லாட் அபூர்வம் என்பதால், முதல் மாதத்திலேயே வார்ப்புப் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் வாசலில் வந்து நின்றிருப்பார்கள்.

இப்படி வரைந்து பார்க்கும் பழக்கம் கம்ப்யூட்டரோடு பிறந்ததன்று. கொத்தனார் வேலையில் வாழ்க்கையைத் தொடங்கி, ஒரு செங்கல்லை எடுத்து வைப்பதற்குச் செய்யப்படும் 18 அசைவுகளை ஐந்துக்குள் அடக்கிக் காட்டிய பிராங்க் கில்பிரெத் என்னும் அமெரிக்கர், தம் மனைவி லில்லியனுடன் சேர்ந்து, ஒரு காரியத்தின் படிகளையெல்லாம் சின்னங்களால் குறித்துக் காட்டும் முறையை 1921-இல் அந்நாட்டு இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். 1947-இல் அச்சங்கம் அந்தச் சின்னங்களை ஐந்தாக வரையறுத்தது: செய்கைக்கு வட்டம், சோதனைக்குச் சதுரம், இடமாற்றத்துக்கு அம்பு, சேமிப்புக்குத் தலைகீழ் முக்கோணம், தாமதத்துக்கு ஆங்கில எழுத்தான டி. இன்று உலகமெங்கும் இந்தத் தொழிலில் வழங்கும் பி.பி.எம்.என். என்ற வரைமொழி 2004-இல் தோன்றி, 2011-இல் இரண்டாம் பதிப்புக் கண்டு, 2013-இல் சர்வதேசத் தரமாகவும் ஏற்கப்பட்டது. அதில் மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு, முனை மழுங்கிய செவ்வகம் ஒரு வேலை, சாய்சதுரம் பாதை பிரியுமிடம். கடிகாரம் வரைந்த வட்டம் தவணை. இன்னும் நூற்றுக்குக் கிட்டத்தட்ட வரும் சின்னங்கள் உண்டு. அவற்றில் பாதியை நான் ஒருமுறைகூடப் பிரயோகித்ததில்லை. இத்தனை இருந்தும், ஒரு காகிதம் ஒரு மேஜையின் மேல் சும்மா கிடப்பதைக் குறிக்க, பழைய படத்தின் டியைப் போல ஒரு சின்னம் அதில் இல்லை. ஒரு செவ்வகத்திலிருந்து அடுத்த செவ்வகத்துக்கு அம்பு போகிறது. அம்பு கண நேரத்தில் போய்விடுவதாகப் படம் பார்ப்பவர் எண்ணிக்கொள்கிறார். அந்த அம்புக்குள் பத்து நாள் இருக்கலாம்.

ஆகையால் நான் என் படங்களில் பழைய டியை விடாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தொழிற்சாலையில் ஒரு பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு, கேட்டிலிருந்து வங்கி வரையில் அது நடந்த வழியெல்லாம் நடந்து, ஒவ்வோர் அம்பின் மேலும் அது காத்திருந்த நாட்களைச் சிவப்பு மையால் குறித்துக்கொண்டே போனேன். 31 கட்டங்களிலும் மனிதர் கைபட்டு வேலை நடந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மணி நேரம் தேறவில்லை. பில் வந்து பணம் போய்ச் சேர்ந்ததோ 38-ஆம் நாள். ஒரு நாளை வேலைக்கென்று தாராளமாக ஒதுக்கினாலும், மிச்சம் 37 நாட்களும் அம்புக்குறிகளுக்குள்தான் கிடந்தன. சிவப்பு மையைப் பார்த்த முதலாளி வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில் என் தகப்பனாரைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. அவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. மதராஸ் மாகாணத்துக் கச்சேரிகளுக்கென்று டாட்டன்ஹாம் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி வகுத்துக் கொடுத்து, அவர் பெயராலேயே வழங்கிய அலுவலக முறையில் ஊறியவர். ஒவ்வொரு குமாஸ்தாவிடமும் தன் பதிவேடு என்று ஒன்று இருக்கும். வந்த தபாலுக்கு எண் என்ன, என்று வந்தது, அதன்மேல் என்ன செய்யப்பட்டது, யாருக்குப் போயிற்று, என்று முடிந்தது என்பனவெல்லாம் அதில் ஏறியாக வேண்டும். கோப்பு முடியும்போதே, ஓராண்டு வைத்திருந்து அழிப்பதானால் ஓ.மு. என்றும், மூன்றாண்டானால் மூ.மு. என்றும் எழுதி முடிப்பார்கள். அ1, ஆ2 என்று எண்ணிட்டது நாற்காலிக்கே தவிர மனிதருக்கு அன்று. குமாஸ்தா மாற்றலாகிப் போனாலும் ஆ2 அங்கேயே இருக்கும். பி.பி.எம்.என். படத்தில் ஒவ்வொருவர் வேலைக்கும் நீச்சல் குளத்துத் தடங்களைப் போல் ஒரு தடம் பிரிக்கும்போது, தடத்துக்கு ஆளின் பெயரை எழுதாதே, பொறுப்பின் பெயரை எழுது என்று பாடம் சொல்லுகிறார்கள். முதன்முறை அதைக் கேட்டபோது எனக்கு ஆ2 நாற்காலிதான் கண்ணில் பட்டது.

சிவப்பு மை எங்கே அடர்ந்திருந்தது என்றால், சொல்லவே சங்கடமான ஓரிடத்தில். கணக்குப் பிரிவில் சரி பார்த்த பில்களையெல்லாம் ஒரு நீல அட்டைக் கோப்பில் அடுக்கி வைப்பார்கள்; சனிக்கிழமை சாயங்காலம் முதலாளி உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். அவர் வெளியூர் போயிருந்தால் அடுத்த சனிக்கிழமை. அறுபது பில்களில் அவர் கையெழுத்துப் போட்டு முடிக்க இருபது நிமிஷம் ஆவதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தனியாக இருக்கும்போது, கடந்த ஆண்டில் எத்தனை பில்களைக் கையெழுத்துப் போடாமல் திருப்பினீர்கள் என்று கேட்டேன். யோசித்து, இரண்டு என்றார். அந்த இரண்டையும் கணக்குப் பிரிவுப் பெண் முன்னமேயே வாயால் எச்சரித்துக் கொடுத்திருந்தாள். அப்படியானால் அந்தக் கையெழுத்து எதைக் காவல் காக்கிறது என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. கையெழுத்து என்பது பல ஸ்தாபனங்களில் காவலன்று, கௌரவம். கௌரவத்தைச் சாய்சதுரத்துக்குள் அடக்கிக் காட்டினால் யாருக்கும் பிடிக்காது.

ஆகவே வேறொருவர் கதையைச் சொன்னேன். 1980-களின் தொடக்கத்தில் ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் வட அமெரிக்கப் பிரிவில், சரக்குக் கொடுத்தவர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்வதற்கு மட்டும் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டு நூறு பேர் வேலையை மிச்சம் பிடிக்கலாம் என்று திட்டமிட்டுக்கொண்டிருந்தவர்கள், தாங்கள் பங்கு வைத்திருந்த ஜப்பானிய மாஸ்டா கம்பெனியில் அதே வேலையை ஐந்து பேர் பார்க்கிறார்கள் என்று கண்டு திகைத்தார்கள். மாஸ்டா சிறிய கம்பெனிதான். ஆனாலும் கம்பெனியின் அளவை மட்டும் காரணம் சொல்லித் தப்பிக்க முடியாத வித்தியாசம் அது. ஃபோர்டில் கொள்முதல் ஆணை, வரவுச் சீட்டு, பில் ஆகிய மூன்றிலும் 14 விவரங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்து, பொருந்தாதவற்றின் பின்னால் ஓடுவதிலேயே ஆட்களின் பொழுது கழிந்தது. முடிவில் அவர்கள் பில்லையே எடுத்துவிட்டார்கள். சரக்கு வந்து இறங்கியதும் ஆணையோடு ஒப்பிட்டு, பொருந்தினால் ஏற்று, அந்த ஏற்பையே பணம் கொடுக்கும் உத்தரவாக்கினார்கள். பொருந்தாவிட்டால் சரக்கைத் திருப்பினார்கள். ஆட்களின் தொகை முக்கால் பங்கு குறைந்தது. மைக்கேல் ஹாமர் 1990-இல் ஹார்வர்டு பிசினஸ் ரெவ்யூவில் எழுதிய பெயர் பெற்ற கட்டுரையின் நடுநாயகம் இந்தச் சம்பவம். வேண்டாத வேலையை யந்திரமயமாக்காதே, ஒழித்துவிடு என்பது அதன் சாரம். ஹாமரின் பெயரைச் சொல்லிப் பிற்காலத்தில் கம்பெனிகள் ஆயிரக்கணக்கானவர்களை வீட்டுக்கு அனுப்பிய சரித்திரமும் உண்டு. அதனால் அந்தக் கட்டுரையை முழு மனதோடு சிபாரிசு செய்ய எனக்கு இயலவில்லை. அதன் முதல் பாதியை மட்டும் செய்கிறேன்.

நம்மூரில் பில்லை ஒழிக்க முடியாது, ஜி.எஸ்.டி.யில் உள்ளீட்டு வரி வரவு பில்லைக் கொண்டுதான் கிடைக்கும். ஆனால் ஆணையும் வரவும் பில்லும் பொருந்திய, ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பில்லுக்குக் கையெழுத்து வேண்டாம் என்றும், அதற்கு மேற்பட்டதற்கு முதலாளியின் போனிலேயே அனுமதி கேட்டு, இரண்டு நாளில் பதில் வராவிட்டால் அவர் மகனுக்குப் போகும் என்றும் முடிவாயிற்று. மகனுக்குப் போகும் என்றதும் அவருக்கு உற்சாகமே வந்துவிட்டது. அண்ணனின் டைரி வழியையும் படத்துக்குள் கொண்டுவந்தோம்: தள்ளுபடி இருந்தால் பில் மாற்று உருப்படிக்காகக் காத்திருக்கும், பத்து நாள் தாண்டினால் அண்ணனுக்கும் பட்டறைக்கும் நினைவூட்டுச் செய்தி போகும், இருபது தாண்டினால், ஆடிட்டர் சண்டைக்கு வந்தாலும் வரட்டும் என்று டெபிட் நோட்.

இந்த முடிவுகளெல்லாம் ஆன பிறகுதான் கிளவுட் வருகிறது. வந்ததும் அதன் வேலை ஆச்சரியப்படும்படி எளிதாக முடிந்துவிடுகிறது. முன்னொரு காலத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரு பீரோவுக்குள் சர்வரை வைத்துப் பூட்டி, யு.பி.எஸ். பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, ஒருநாள் அது நின்றுபோனபோது திறந்து பார்த்தால் மின்விசிறிக்குள் பல்லி செத்துக் கிடந்ததையும் கண்டவன் நான். இப்போது அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும் நிறுவிய மையங்களைப் போன்றவற்றில் யாரோ பார்த்துக்கொள்ளும் யந்திரத்தில், உபயோகித்த அளவுக்கு வாடகை கொடுத்தால் போதும். ஆனால் காரிய ஓட்டத்தைப் பொறுத்தமட்டில் கிளவுடின் உண்மையான விசேஷம் வாடகையன்று. பொறுமையாகக் காத்திருப்பதும், விட்ட இடத்தை மறக்காமலிருப்பதும்தான். அமேசானின் லாம்டாவில் எழுதிய ஒரு நிரல்துண்டு அதிகபட்சம் 15 நிமிஷம்தான் உயிரோடிருக்கும். ஆனால் அதே அமேசான் 2016 டிசம்பரில் வெளியிட்ட ஸ்டெப் ஃபங்ஷன்ஸில் சாதாரண வகையாக அமைத்த ஒரு காரிய ஓட்டம் ஓராண்டு வரையில் நடுவழியில் நின்று காத்திருக்கலாம். படியிலிருந்து படிக்கு நகர்வதற்குத்தான் கட்டணம், காத்திருப்புக்குக் காசில்லை. அண்ணன் சுவரில் அடித்திருந்த ஆணியும் இதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஆணியில் தொங்கும் பில்லும் கரண்ட் போனால் தன் நிலையை மறப்பதில்லை. ஆணிக்குத் தெரியாதது நாள் கணக்கு ஒன்றுதான்.

இதே வித்தையை அமேசான் 2012-இலேயே சிம்பிள் வொர்க்ஃப்ளோ என்ற பெயரில் வெளியிட்டது. அதில் உழைத்த மாக்சிம் ஃபதேயெவும் சமர் அப்பாஸும் பின்னால் ஊபரில் அதே வேலைக்கென்று கேடென்ஸ் என்ற மென்பொருளைக் கட்டி, 2019-இல் வெளியேறி டெம்போரல் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கென்று நம் சென்னையில் பிறந்தவையும் உண்டு: ஸோஹோ கிரியேட்டர் 2006 முதலும், கிஸ்ஃப்ளோ 2012 முதலும் நடக்கின்றன; விடுப்பு விண்ணப்பம், பயணச் செலவு, சிறு கொள்முதல் போன்றவற்றுக்கு இவற்றைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை என்பது என் அபிப்பிராயம். எதை வாங்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் ஏராளம். அது ஒரு பிற்பகலில் தீர்ந்துவிடும் கேள்வி. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். ஸ்டெப் ஃபங்ஷன்ஸ் முடிந்துபோன ஓட்டத்தின் சரித்திரத்தை 90 நாள்தான் வைத்திருக்கும். நம் கம்பெனிகள் சட்டமோ கணக்குகளை எட்டு நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கச் சொல்லுகிறது. ஓ.மு.வா மூ.மு.வா என்பதை யந்திரம் தானாக யோசிக்காது. சரித்திரத்தை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் கட்டத்தையும் நாம்தான் வரைய வேண்டும்.

என் பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்குச் சில ஆண்டுகள் முன்னால், வேறோர் ஊரில், வேறொரு ஸ்தாபனத்துக்குப் பணப் பட்டுவாடாவை அமைத்துக் கொடுத்தபோது, வங்கியிலிருந்து முப்பது விநாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடியும் அனுப்பு என்று யந்திரத்துக்கு எழுதியிருந்தேன். ஒரு மாதக் கடைசி நாளில், வங்கிக்குப் போன உத்தரவு நிறைவேறிவிட்டது. நிறைவேறிய செய்தி மட்டும் தாமதமாயிற்று. யந்திரம், நான் சொன்னபடியே, மறுபடியும் அனுப்பிற்று. மறுநாள் அட்டைப் பெட்டி சப்ளை செய்பவர் போனில் கூப்பிட்டார். "சார், நம்ம பணம் ரெண்டு தடவை ஏறியிருக்கு. ஒண்ணை அட்வான்ஸா வெச்சுக்கட்டுங்களா?" அவர் யோக்கியர், கேட்டார், கேட்காதவர்களும் அந்தப் பட்டியலில் சிலர் இருந்தார்கள்.

அன்று எனக்கு வந்த வெட்கம் யந்திரத்தைப் பற்றியதன்று. நான் உத்தியோகத்தில் சேர்ந்த முதல் வாரம், என் தலைமைக் கணக்கர், பட்டுவாடா ஆகும் பில்லின் மேல் பெய்டு என்ற ரப்பர் முத்திரையைக் குத்திவிட்டுத்தான் செக்கில் கை வைக்க வேண்டும், முதலில் முத்திரை, அப்புறம் செக் என்று கற்பித்தார். செக் தொலைந்தது என்று யாராவது வந்து நின்றாலும், முத்திரை குத்திய பில்லுக்கு விசாரிக்காமல் இரண்டாவது செக் கிழிக்கக்கூடாது. இருபது ஆண்டுகள் அதை மந்திரம் போல் செய்தவன், கிளவுடுக்கு மாறியதும் முத்திரையை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்குச் செய்யும் பரிகாரமும் முத்திரையேதான்: ஒரு பட்டுவாடாவுக்கு ஒரே அடையாள எண்ணைக் கொடுத்து, எத்தனை முறை முயன்றாலும் அதே எண்ணோடு அனுப்பினால், எதிர்ப்பக்கம் அந்த எண்ணைப் பார்த்து, இது முன்னமே முடிந்தது என்று சொல்லிவிடும். நடுவில் முறிந்த நெடிய காரியத்தை, நடந்ததை அழிக்காமல் ஒவ்வொரு படிக்கும் ஓர் எதிர்ப்படி போட்டுச் சரிசெய்யும் முறையை 1987-இல் ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் சாகா என்று பெயரிட்டு ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதினார்கள். பேரேட்டில் தவறான பதிவை எந்தக் கணக்கனும் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுகிறான். அழிரப்பர் வைத்திருக்கும் கணக்கனை ஆடிட்டர் நம்பமாட்டார்.

பம்புத் தொழிற்சாலைக்குத் திரும்புவோம். இப்போது அங்கே ஒரு பில் சராசரியாக 12 நாளில் தீர்கிறது. அதில் ஏழு நாள் நீரழுத்தச் சோதனைக்குப் போகிறது. சோதனையைத் துரிதப்படுத்த முடியுமா என்று முதலாளி ஒருமுறை கேட்டார். அது வார்ப்பைப் பற்றிய விஷயம், என் விஷயமன்று என்று சொல்லிவிட்டேன். நீல அட்டைக் கோப்பு அலமாரியில் இருக்கிறது. முதலாளி சனிக்கிழமை சாயங்காலங்களில் பழக்கதோஷத்தால் கணக்குப் பிரிவுக்கு வந்து, டீ குடித்துவிட்டுப் போகிறார்.

அண்ணன் வருகிற தை மாதம் ஓய்வு பெறுகிறார். டைரியை எழுதுவதை நிறுத்த வேண்டாமென்று நான்தான் கேட்டுக்கொண்டேன். போன வாரம் போயிருந்தபோது வாங்கிப் புரட்டினேன். மழைக்காலத்தில் எந்தப் பட்டறையின் வார்ப்பைத் தனியே பிரித்து வைக்க வேண்டும், எந்த லாரி டிரைவர் சீட்டில் எண்ணிக்கையை மாற்றி எழுதுவார் என்பவை போன்ற குறிப்புகளில், எங்கள் படத்துக்குள் இன்னும் வராதவை இரண்டு பக்கத்துக்கு இருக்கின்றன.